செவன்ஸ் டோர்னமென்ட் விதித்தாளில் தலையடிக்கு என்னென்ன எழுதணும்?

செம்மண் செவன்ஸ் (பொள்ளாச்சி)

வணக்கமுங்க. மே லீவுல ரெண்டு நாள் செவன்ஸ் (டீமுக்கு ஏழு பேர் ஆடற கால்பந்து) டோர்னமென்ட் வைக்கறோம். 12 வயசுக்குக் கீழ, 17 வயசுக்குக் கீழ, ஓப்பன்னு மூணு பிரிவு. உடுமலை, தாராபுரம், ஆனைமலை டீமுக வருது, ஓப்பனுக்குப் பாலக்காட்டுப் பக்கமிருந்தும் வருவாங்க. பள்ளிக்கூட கிரவுண்டு, வெறும் செம்மண், புல்லு கிடையாது. ரோலிங் சப்தான், வெளிய போன ஆளு எத்தனை தடவை வேணும்னாலும் மாத்தி உள்ள வரலாம்.

விதித்தாள் எழுத உக்காந்தா, பழைய தாள்ல நுழைவுக் கட்டணம், ஜெர்சி, புரொட்டஸ்ட் எல்லாத்துக்கும் வரி இருக்கு, தலையில அடிபட்டா என்ன பண்றதுன்னு மட்டும் ஒரு வரி கூட இல்லீங்க. அதைச் சேர்க்கோணும். சின்னப் பசங்களுக்கு ஹெட்டிங்கை (பந்தைத் தலையால அடிக்கறதை) நிறுத்தலாமா, நிறுத்தினா எப்படி விசில் ஊதறது? டிவியில சொல்ற கன்கஷன் சப் (தலையடியில மூளை அதிர்ந்தவனுக்குப் பதிலா ஆள் மாத்தறது), ரோலிங் சப் இருக்கற போட்டிக்குத் தேவையா? பெத்தவங்க சில பேரு ஹெட்கியர் (பஞ்சு வெச்ச தலைக்காப்பு) கட்டாயம் பண்ணுங்கங்கறாங்க, அதுல பிரயோசனம் உண்டுங்களா? அடிபட்டவன் ஆடலாமா கூடாதான்னு ஆரு முடிவு பண்றது? கோச்சிங், ரெஃப்ரி, பிசியோ ஆளுக இருந்தா விவரமாச் சொல்லுங்க.

விசில் (கோவை)

கன்கஷன் சப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன், அதைத்தான் நிறையப் பேர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். கால்பந்து விதிகளை வகுக்கும் ஐஎஃப்ஏபி அமைப்பு 2021 ஜனவரியில் சோதனையாகத் தொடங்கி, 2024 ஜூலை 1 முதல் போட்டி நடத்துபவர் விரும்பினால் சேர்த்துக்கொள்ளலாம் என்று விதிப்புத்தகத்தில் ஏற்றிய ஏற்பாடு அது. சப் எண்ணிக்கை தீர்ந்துவிட்டதே என்று தள்ளாடுகிற ஆளை உள்ளேயே வைத்து ஆட்டக் கூடாது என்பதற்காக, டீமுக்கு ஒரு கூடுதல் மாற்று கொடுக்கிறார்கள். எதிரணிக்கும் கூடுதலாக ஒன்று கிடைக்கும். வெளியே போனவர் திரும்ப வர முடியாது, பெனால்டி ஷூட்அவுட்டுக்குக் கூட.

ரோலிங் சப்பில் எண்ணிக்கைத் தொல்லையே இல்லை. இருப்பது நேர் எதிரான தொல்லை: வெளியே போனவன் ரெண்டு மடக்குத் தண்ணி குடித்துவிட்டு, "இப்ப பரவால்லண்ணா" என்று மூணாவது நிமிஷம் உள்ளே நிற்பான். ஆகவே உங்களுக்குக் கூடுதல் சப் தேவையில்லை. திரும்பி வராமல் தடுக்கிற வரிதான் தேவை. இப்படி எழுதலாம்:

"தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி என்று சந்தேகிக்கப்படும் ஆட்டக்காரர் உடனே வெளியேற்றப்படுவார். அந்தப் போட்டியிலும் தொடரின் மீதமுள்ள எந்தப் போட்டியிலும் அவர் ஆட முடியாது. முடிவு மைதான மருத்துவப் பொறுப்பாளருடையது. அவர் இல்லாத நேரத்தில் நடுவருடையது. கேப்டன், பயிற்சியாளர், பெற்றோர், ஆட்டக்காரர் யாரும் இதை மாற்றக் கோர முடியாது. இதன் மீது புரொட்டஸ்ட் ஏற்கப்படாது."

"சந்தேகிக்கப்படும்" என்ற சொல்லை எடுத்துவிடாதீர்கள். "உறுதியானால்" என்று எழுதினால் கிரவுண்டில் உறுதி செய்ய ஆளே இருக்காது.

நடுவர்களுக்குக் காலையில் கூட்டிச் சொல்ல வேண்டியவை. தலையில் பலமாக அடிபட்டது தெரிந்தால் உடனே விசில், யார் கோல் பக்கம் ஓடுகிறார்கள் என்று பார்க்கக் கூடாது. ஃபவுல் இல்லாமல் நிறுத்தினால் டிராப் பால் (நடுவர் பந்தைக் கீழே போட்டு ஆட்டத்தைத் தொடங்குவது), ஃபவுலுக்காக நிறுத்தினால் அதற்குரிய கிக். பலத்த காயத்துக்கு உள்ளேயே வைத்துப் பார்க்க விதி இடம் தருகிறது. "சீக்கிரம் தூக்குங்கப்பா" என்று அவசரப்படுத்த வேண்டாம், கழுத்து எலும்பு விஷயம்.

எல்போ: பந்துக்குப் போட்டி போடாதபோது ஒருவர் தலையிலோ முகத்திலோ கையாலோ முழங்கையாலோ வேண்டுமென்றே அடித்தால் அது வன்முறை, வேகம் பொருட்படுத்த முடியாத அளவு சின்னதாக இருந்தாலொழிய நேராக ரெட். பந்துக்காக எம்பும்போது என்றால் மூணு படி: கவனக்குறைவு என்றால் ஃப்ரீ கிக், எதிராளிக்கு என்ன ஆகும் என்று யோசிக்காமல் போனால் மஞ்சள், அளவு மீறிய வேகம் என்றால் ரெட். கை சமநிலைக்காக விரிந்ததா, இல்லை எதிராளி எங்கே என்று பார்த்துவிட்டு வீசப்பட்டதா என்பதைக் கவனியுங்கள். கண் முதலில் ஆளைப் பார்த்து, பிறகு கை போனால் சந்தேகமே வேண்டாம்.

இன்னும் ரெண்டு விஷயம் செவன்ஸில் நிறைய நடக்கும். எம்பியவனுக்குக் கீழே குனிந்து முதுகைக் கொடுப்பது முதலாவது. எம்பியவன் புரண்டு தலைகுப்புற விழுவான், கீழே இருப்பவன் "நான் தொடவே இல்ல சார்" என்பான். அது ஃபவுல்தான், கார்டும் உண்டு. ரெண்டாவது, உயரத் தூக்கிய கால். பக்கத்தில் ஆள் இருந்து, படாமலேயே ஆபத்தானால் இன்டைரக்ட் கிக் (நேராகக் கோல் அடிக்க முடியாத ஃப்ரீ கிக்), பட்டால் டைரக்ட். ஆனால் இடுப்பளவுக்கு வந்த பந்துக்குத் தலையைக் கொண்டு நுழைபவனும் ஆபத்தான ஆட்டம் ஆடுகிறான். தனக்கே ஆபத்து விளைவிப்பதும் அந்த விதியில் அடக்கம். கால் வைத்தவனை மட்டும் தண்டித்துப் பழகியவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

முக்குக் கோச் (ஈரோடு)

12 வயசுப் பிரிவுல ஹெட்டிங்கை நிறுத்திருங்க, யோசிக்கவே வேண்டாம். அமெரிக்காவுல ஒரு வழக்குக்கு அப்புறம் 2015-ல 10 வயசு வரைக்கும் பயிற்சி, மேட்ச் ரெண்டுலயும் தடை போட்டு, 11-லிருந்து 13 வயசு வரைக்கும் பயிற்சியில அளவு வெச்சாங்க. இங்கிலாந்துல 2020-ல 11 வயசு வரைக்கும் பயிற்சியில ஹெட்டிங் வேண்டாம்னாங்க. இப்ப மேட்ச்லயும் 2024-25 சீசன்ல சின்ன வயசுல தொடங்கி, 2026-27-ல 11 வயசுப் பிரிவு வரைக்கும் படிப்படியா நிறுத்தறாங்க.

ஏன்னு கேக்கற பெத்தவங்களுக்கு ஒண்ணு சொல்லலாம். கிளாஸ்கோவுல ஸ்காட்லாந்துப் பழைய புரொஃபஷனல் ஆட்டக்காரங்களோட சாவுப் பதிவுகளைப் பாத்து 2019-ல வெளியிட்ட ஆய்வுல, மூளை தேயற நோய்களால சாகறது மத்தவங்களை விட சுமார் மூன்றரை மடங்கு எச்சா இருந்துச்சு. 2021-ல அதையே பொசிஷன் வாரியாப் பிரிச்சுப் பாத்தா, கீப்பருங்களுக்கு எச்சா இல்லை, டிஃபென்டர்களுக்குத்தான் அதிகம். வாழ்நாள் பூரா ஆடினவங்க கணக்கு அது, பத்து வயசுப் பையன் ஒரு தடவை தலையில வாங்கினா இப்படியாகும்னு யாரும் அர்த்தம் பண்ணிக்க வேண்டாம். ஆனா திரும்பத் திரும்பப் படறதைக் குறைக்கணும்கறதுக்கு இது போதுமான காரணம்.

விசில் ஊதறதுக்கு: வேணும்னே தலையில ஆடினா அந்த இடத்துல எதிரணிக்கு இன்டைரக்ட் கிக். தன்னோட கோல் ஏரியாவுக்குள்ள (கோலை ஒட்டின சின்னப் பெட்டிக்குள்ள) ஆடினா, பந்தை கோல் ஏரியாக் கோட்டு மேல கொண்டாந்து வெச்சுக் கொடுக்கோணும். தெரியாம மூஞ்சியில பட்டா ஃபவுல் இல்லை. இதோட நின்னுட்டா வேலை பாதிதான். பந்து தலை உயரத்துல வராத மாதிரி ஆட்டத்தையே மாத்துங்க. கீப்பர் கைல இருந்து பந்தை ட்ராப்கிக் அடிக்கக் கூடாது, உருட்டிவிடணும் இல்லைன்னா வீசணும். கோல் கிக் நடுக்கோட்டைத் தாண்டறதுக்குள்ள ஒரு தடவை தரையில படணும். கார்னரைத் தரையோட தரையா. பந்து 4-ம் நம்பர், 350-லிருந்து 390 கிராம். 5-ம் நம்பர் 410-லிருந்து 450 கிராம் வரும், அதைச் சின்னப் பசங்க பக்கமே கொண்டு போகாதீங்க.

இதுக்கு ஒரு எதிர்ப் பேச்சு வரும்: "சின்னதுல கத்துக்காம 14-ல போய் ஹெட் பண்ணினா கண்ணை மூடிட்டுத்தானே பண்ணுவான்?" நியாயமான கேள்விதான். பதில்: பலூனும் ஸ்பாஞ்சுப் பந்தும். 10 வயசுல பலூனை நெத்தியால தட்டித் தட்டி விழாம வெச்சுக்கறது ஒரு விளையாட்டு. கண்ணைத் திறந்து வெக்கறதும், பந்து இறங்கற இடத்துக்குக் காலைக் கொண்டு போறதும் அதுலயே வந்துரும். மண்டைக்கு ஒண்ணும் ஆகாது. நிஜப் பந்து 12-க்கு மேல: முதல்ல அவனே கையில பிடிச்சு நெத்தியில தட்டறது, அப்புறம் மூணு மீட்டர்ல இருந்து கீழ்க்கையால போட்டுத் தர்றது, அப்புறம் ஓடி வந்து எம்பறது. எதிராளியோட போட்டி போடறது கடைசி. இங்கிலாந்து வழிகாட்டல்ல 13 வயசுக்கு வாரத்துக்கு ஒரு செஷன், அதுல அதிகபட்சம் 5 ஹெடர், 14-லிருந்து 16-க்கு 10. அந்தக் கணக்கு நமக்கும் போதும். அரை மணி நேரம் கிராஸ் போட்டு அடிக்க வெக்கற கோச்சுகளை நிறுத்தச் சொல்லுங்க.

டெக்னிக்ல எங்க தப்பு நடக்குதுன்னு பாத்தா, முதல்ல பந்து படற இடம். புருவத்துக்கு மேல, முடி ஆரம்பிக்கறதுக்குக் கீழ, நடு நெத்தி. உச்சியில பட்டா பந்து எங்கயோ போகும், தலையும் கட்டுப்பாடில்லாம ஆடும். பந்து வர்றதுக்குக் காத்திருந்து வாங்கறவனுக்குத்தான் வலி எச்சு. பந்தை நோக்கி அவன் போகணும்: கால் முன்னபின்ன, இடுப்பு பின்னால வளைஞ்சு, வயித்துல இருந்து உடம்பு முன்னால வந்து, படற நொடியில தாடையை லேசா உள்ள இழுத்துக் கழுத்தை இறுக்கி வெக்கணும். கழுத்து தளதளன்னு இருந்தா தலை மட்டும் தனியா அந்த வேகத்தை வாங்கும், இறுகி இருந்தா உடம்பும் சேர்ந்து வாங்கும். வாயை மூடிக்கணும், இல்லைன்னா நாக்கைக் கடிச்சுக்குவான். தோளைக் காது வரைக்கும் தூக்கித் தலையை உள்ள இழுக்கறவன் பயத்துல இருக்கான், அவனைப் பலூனுக்கே திருப்பி அனுப்புங்க.

கழுத்துக்கு ஜிம் வேண்டாம். உள்ளங்கையை நெத்தியில வெச்சு, தலை நகராம ஒண்ணுக்கொண்ணு தள்ளணும். அதே மாதிரி பின்மண்டை, ரெண்டு பக்கம். ஒவ்வொண்ணும் பத்து செகண்டு, மூணு தடவை, வார்ம்அப்போட சேர்த்து.

ஆனா மேட்ச்ல கன்கஷன் எச்சா வர்றது பந்துல இல்லை. எதிராளி தலை, முழங்கை, தரை, இதுகளால. அதனால எம்பறதைச் சரியாச் சொல்லித் தரணும். நின்ன இடத்துல நேரா எம்பறவன் பின்னால சாய்ஞ்சு விழுந்து பின்மண்டையைத் தரையில அடிச்சுக்குவான், செம்மண் தரையில அது சிமெண்டுல விழற மாதிரி. ரெண்டு மூணு அடி ஓடி, ஒத்தைக் கால்ல, கொஞ்சம் பக்கவாட்டுல திரும்பி எம்பினா ரெண்டு கால்ல இறங்குவான். கை நெஞ்சு உயரத்துல மடங்கி முன்னால, முழங்கை தோளைத் தாண்டக் கூடாது. சத்தம் கொடுக்கணும், பேரைச் சொல்லி: "கார்த்தி பால்!" வெறுமனே "விடு விடு"ன்னு கத்தினா எதிராளியை ஏமாத்தினதா ரெஃப்ரி கார்டு எடுக்கலாம், நம்ம ஆளுகளே குழம்பி ரெண்டு தலை மோதவும் செய்யும். ஒரே டீம் ஆளுக மோதறது நினைக்கறதை விட அதிகம்.

கீப்பர் கால்ல விழுந்து பந்தெடுக்கும்போது கை முன்னால, உடம்பு பக்கவாட்டுல, தலை கைக்குப் பின்னால. தலையை முன்னால நீட்டிப் பாயற பழக்கத்தை உடனே திருத்துங்க.

கவுண்டர் அட்டாக் (நாமக்கல்)

இத்தனை எதுக்குங்ணா? பந்துல காத்தைக் கொஞ்சம் இறக்கிட்டு ஆளுக்கொரு ஹெட்கியர் மாட்டிவிட்டாப் போச்சு.

நொய்யல் பிசியோ (திருப்பூர்)

ஹெட்கியர் போட்டுக்கொள்வதில் தடை இல்லை. மென்மையான, ஆபத்தில்லாத பாதுகாப்புப் பொருளைக் கால்பந்து விதிப்புத்தகத்தின் 4-வது விதி அனுமதிக்கிறது. ஆனால் கன்கஷனைத் தடுக்கும் என்று நம்பிக் கட்டாயமாக்காதீர்கள். அமெரிக்காவின் விஸ்கான்சின் ஆய்வாளர்கள் பள்ளி ஆட்டக்காரர்களை, போட்டவர்கள் போடாதவர்கள் என்று பிரித்து ஒப்பிட்டார்கள். கன்கஷன் எண்ணிக்கை குறையவில்லை. மண்டையோட்டுக்குள் மூளை குலுங்குவதுதான் சிக்கல், வெளியே ஒட்டிய பஞ்சு அந்தக் குலுக்கலை நிறுத்தாது. வெட்டுக்காயத்துக்கு உதவும். கோல்கீப்பர் பீட்டர் செக் அணிந்ததைக் காட்டுவார்கள். 2006 அக்டோபரில் ரெடிங் அணிக்கு எதிரான ஆட்டத்தில் எதிராளியின் முட்டி பட்டு அவருக்கு மண்டையோடே உடைந்தது, அந்த எலும்பைக் காப்பதற்காகப் போட்டது அது. மவுத்கார்டும் அப்படித்தான், பல்லுக்கு நல்லது.

கிரவுண்டில் பார்க்க வேண்டியது: மயக்கம் போட்டால்தான் கன்கஷன் என்பது தப்பு. பெரும்பாலானோருக்கு நினைவு தப்புவதே இல்லை. விழுந்து அசையாமல் கிடப்பது, மெதுவாக எழுந்து தள்ளாடுவது, வெறித்த பார்வை, தலையைப் பிடித்துக்கொண்டு நிற்பது, தன் டீம் எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரியாமல் திரும்புவது, இவற்றில் ஒன்று இருந்தாலே வெளியே. கேட்க ஐந்து கேள்விகள்: இப்ப எந்த கிரவுண்டுல இருக்கோம்? இது எந்தப் பாதி? கடைசியா யார் கோல் போட்டாங்க? போன மேட்ச் யாரோட ஆடினோம்? ஜெயிச்சமா? ஒன்று தப்பானாலும் வெளியே. ஐந்தும் சரியாகச் சொன்னால் உள்ளே அனுப்பலாம் என்று அர்த்தமில்லை. தலைவலி, வெளிச்சத்தில் கண் கூச்சம், மந்தம் இருந்தால் அப்போதும் வெளியேதான். ரோலிங் சப்புக்காகப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனுக்குப் பத்து நிமிஷம் கழித்துத்தான் குமட்டல் ஆரம்பிக்கும், அதனால் ஜெர்சியைக் கழற்ற வைத்து ஒரு ஆளைப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

உடனே 108 கூப்பிட வேண்டியவை: நினைவு தப்பியது, வலிப்பு, வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, ரெண்டு ரெண்டாகத் தெரிவது, கழுத்து வலி, கை காலில் மதமதப்பு அல்லது பலமின்மை, பேச்சுக் குழறுவது, வழக்கமில்லாத எரிச்சல் அல்லது தூக்கக் கலக்கம். கழுத்து வலியோ நினைவு தப்பலோ இருந்தால் உட்கார வைக்கக் கூடாது, தலையை ரெண்டு கையாலும் நேராகப் பிடித்தபடி ஒருவர் மண்டியிட்டிருக்க வேண்டும். முகத்தில் தண்ணி அடிப்பது, கன்னத்தில் தட்டுவது, வாயில் சோடா ஊற்றுவது எதுவும் வேண்டாம். மூச்சு விடவில்லை என்றால் மட்டும் கழுத்தைப் பற்றி யோசிக்காமல் மூச்சுப்பாதையைத் திறந்து சிபிஆர். ஸ்கேன் வசதி இருக்கிற ஆஸ்பத்திரி எது, ஆம்புலன்ஸ் எந்த கேட் வழியாக வரும் என்பதை முதல் நாளே தீர்மானித்து விதித்தாளின் பின்பக்கம் அச்சடித்துவிடுங்கள்.

ஆபத்து அறிகுறி இல்லாதவனையும் பைக் ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பாதீர்கள், தனியாகவும் விடாதீர்கள். அன்றைக்கு மது கூடாது. டாக்டர் பார்க்கும் வரை புருஃபென், ஆஸ்பிரின் வகை மாத்திரைகள் வேண்டாம், உள்ளே ரத்தக் கசிவு இருந்தால் கூட்டிவிடும்.

பெற்றோர் அடிக்கடி சொல்வது: "ஸ்கேன் எடுத்தாச்சு, நார்மல்." சிடி ஸ்கேன் ரத்தக் கசிவையும் எலும்பு முறிவையும் பார்க்கிறது. கன்கஷன் அதில் தெரியாது. நார்மல் ஸ்கேனைக் காட்டி ஞாயிற்றுக்கிழமை ஃபைனல் ஆட வந்தால் அனுமதிக்காதீர்கள். முதல் அடி ஆறுவதற்குள் ரெண்டாவது படுவதுதான் சிறு வயதினருக்குப் பெரிய ஆபத்து, அரிதாக மூளை வேகமாக வீங்கி உயிரே போகும்.

திரும்ப ஆட: 24 முதல் 48 மணி நேரம் ஓய்வு, அதற்காக இருட்டறையில் அடைக்க வேண்டாம், நடக்கலாம், செல்போனைக் குறைக்க வேண்டும். பிறகு நடை, மெது ஓட்டம், பிறகு பந்தோடு தனியாக, பிறகு மோதலில்லாத பயிற்சி, டாக்டர் சொன்ன பிறகு முழுப் பயிற்சி, கடைசியில் மேட்ச். படிக்குப் படி குறைந்தது 24 மணி நேரம். மோதலில்லாத பயிற்சிக்குப் போகும் முன்பே அறிகுறி முழுக்கத் தீர்ந்திருக்க வேண்டும். டாக்டர் கண்காணிப்பு இல்லாத ஊர் மட்ட ஆட்டங்களுக்குப் பிரிட்டனில் 2023-ல் வகுத்த கணக்கு 21 நாள். உங்கள் தொடரே ரெண்டு நாள்தான், ஆகவே விசில் எழுதிய "தொடரின் மீதமுள்ள எந்தப் போட்டியிலும்" என்பது மருத்துவப்படியும் சரி.

கடப்பாறை (உடுமலை)

ஆட்டக்காரனைப் பத்தி எல்லாருஞ் சொல்லீட்டாங்க, கிரவுண்டைப் பத்தி நானு சொல்றனுங்க. இரும்புப் பைப் கோல்போஸ்டைச் சும்மா நிறுத்தி வெச்சீங்கன்னா, ஒரு பையன் தொங்கினாப் போதும், குப்புறச் சாஞ்சுரும். பின்கம்பி மேல மணல் மூட்டை போடுங்க, அப்பறம் கடப்பாறையில ஆழக் குழி எடுத்து முளை அடிச்சுக் கட்டுங்க. ரெண்டு போஸ்டுக்கும் ஆறடி உயரம் வரைக்கும் ஃபோமைச் சுத்திக் கட்டிப்போடுங்க, பழைய மெத்தை ஃபோமே ஆகும்.

கோட்டுக்கு வெளிய மூணு மீட்டர் சும்மா கிடக்கோணும். கவுறு கட்டறதுக்கு இரும்பு முளை அடிச்சா அதுலதான் மண்டை போய் மோதும், சவுக்குக் குச்சியைத் தள்ளி நடுங்க. வண்டியை நிறுத்திக் கோட்டோரம் உக்காந்து பாக்கறவங்களை எழுப்பி உடுங்க, ஃபைனல்ல இதுதான் நெம்பச் சிரமம்.

செம்மண்ணு மே மாசத்துல காஞ்சு பாறையாட்டக் கிடக்கும். முந்தின நாள் பொழுதோட தண்ணி லாரி உட்டு நனைச்சு, கல்லைப் பொறுக்கிப்போடுங்க. காலையில உட்டாச் சேறாயிரும், வழுக்கும். கோடு போடச் சுட்ட சுண்ணாம்பு ஆகாதுங்க, டைவ் அடிக்கற கீப்பர் கண்ணுல பட்டா வெந்துபோகும். சாக் பவுடர் வாங்குங்க.

நாமக்கல்காரரு காத்தைச் சொன்னாரு. பெரிய பந்துக்கு விதியில 8.5-ல இருந்து 15.6 பிஎஸ்ஐ (காத்தழுத்தக் கணக்கு) வரைக்கும் இருக்குதுங்க, 9-ல வெச்சா விதிக்குள்ளதான். ஆனா காலையில கேஜ் வெச்சுப் பாத்தாப் போதாது. வெயில்ல கிடந்த பந்து சூடேறுனா, 10 போட்டது மத்தியானம் 11.5-ஐத் தாண்டிருக்கும். பந்தை நெழல்ல வெச்சு, ஒவ்வொரு மேட்சுக்கு முன்னாலயும் அளந்துபோடுங்க.

செம்மண் செவன்ஸ் (பொள்ளாச்சி)

நெம்ப நன்றிங்க எல்லாத்துக்கும். 17 வயசுப் பிரிவுல ஹெட்டிங்கை அப்படியே விட்டுட்டு, விசில் அண்ணா சொன்ன வாசகத்தைப் போட்டுடறோம். ஒரே ஒரு சந்தேகம்: முதல் நாள் அப்படி வெளிய அனுப்பின பையனை ரெண்டாம் நாள் வேற பேர்ல இறக்கினா எப்படிக் கண்டுபிடிக்கறது?

விசில் (கோவை)

டீம் லிஸ்ட்டில் போட்டோ ஒட்டிய அடையாள அட்டை நகல் வாங்குங்கள். தலையடியில் வெளியேறியவரின் நகலைத் தனியாக எடுத்து ஸ்கோரர் மேஜையில் வைத்துவிடுங்கள், அடுத்த மேட்ச் நடுவர் ஆள் சரிபார்க்கும்போது அதையும் பார்ப்பார். ஆள் மாற்றி இறக்கினால் டீம் நீக்கம் என்று அதே பத்தியில் ஒரு வரி சேருங்கள். லாட் போடுவதற்கு முன்பே ஒவ்வொரு மேனேஜரிடமும் அந்தப் பத்திக்குக் கீழே கையெழுத்து வாங்குங்கள். ஃபிக்ஸ்சர் (யார் யாரோடு ஆடுவது என்ற அட்டவணை) வெளியான பிறகு வாங்கப் போனால் ஆளுக்கொரு திருத்தம் கேட்பார்கள்.